“லைனே கிடைக்கல”: அலுவலகத் தொலைபேசியில் ஓர் அழைப்பு எங்கே நிற்கிறது என்று கண்டறியும் வழி

மருத்துவமனை, பள்ளி, ஜவுளிக்கடை, கூட்டுறவுச் சங்கம் என எந்த இடமானாலும், அதன் தொலைபேசியைப் பற்றி வெளியிலிருந்து வரும் முறையீடு பெரும்பாலும் “உங்க நம்பருக்கு லைனே கிடைக்கல” என்ற ஒரே வாக்கியமாகத்தான் வருகிறது. அழைத்தவருக்கு பிஸி டோன் கேட்டதா, மணி அடித்தும் யாரும் எடுக்கவில்லையா, பதிவுசெய்த குரல் பேசிக்கொண்டே போய் இணைப்பு அறுந்ததா, எடுத்த பிறகு குரல் கேட்கவில்லையா என்பது அந்த வாக்கியத்திலிருந்து தெரிவதில்லை. இவை நான்கும் வெவ்வேறு இடங்களில் நேரும் கோளாறுகள். அவற்றைச் சரிசெய்ய வேண்டியவர்களும் வெவ்வேறு ஆள்கள். தொலைபேசி நிறுவனத்திடமோ, வெளி லைன்களை உள்ளேயுள்ள தொலைபேசிகளோடு இணைக்கும் பெட்டியான இன்டர்காமைப் பார்க்கும் டெக்னீஷியனிடமோ பேசும்போது கோளாறு நேர்ந்த இடத்துக்குரிய சொல்லைச் சொல்லத் தெரிந்தால் வேலை விரைவில் முடியும். தெரியாவிட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவதிலேயே நாள் கழியும்.

ஆகவே இங்கே சொற்களை அகரவரிசையில் அடுக்காமல், ஓர் அழைப்பு போகும் வழியிலேயே எடுத்துக்கொள்வோம். ஈரோட்டிலிருக்கும் ஒரு பெரியவர், மதுரையிலுள்ள நடுத்தர மருத்துவமனை ஒன்றின் தரைவழி எண்ணைத் தம் கைபேசியிலிருந்து அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முந்தின நாள் கொடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு அவருக்குத் தெரிய வேண்டும்.

எண்ணும் முன்னால் வரும் பூஜ்யமும்

இந்தியாவில் தரைவழி எண் என்பது, முன்னால் வரும் பூஜ்யத்தை நீக்கிவிட்டு எண்ணினால், எஸ்டிடி குறியீட்டோடு சேர்ந்து 10 இலக்கம். சென்னையின் குறியீடு 44 என்று இரண்டே இலக்கமாக இருப்பதால் அங்கே உள்ளூர் எண் 8 இலக்கம். மதுரை 452, கோவை 422, திருச்சி 431 என்று மூன்று இலக்கமாக இருக்கும் ஊர்களில் உள்ளூர் எண் 7 இலக்கம். டிரங்க் கால் பதிவுசெய்துவிட்டு ஆபரேட்டரின் அழைப்புக்காகக் காத்திருந்த காலத்தை மாற்றி, சந்தாதாரர் தாமே வெளியூர் எண்ணைச் சுழற்றிக்கொள்ள வழிசெய்த ஏற்பாடுதான் எஸ்டிடி. நம் நாட்டில் அது 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே தொடங்கியது. பெயர்ப்பலகையிலும் பில் புத்தகத்திலும் 7 இலக்க எண்ணை மட்டும் அச்சிடும் பழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. கைபேசிக்கு உள்ளூர், வெளியூர் என்ற வேறுபாடே இல்லாததால், 0452 சேர்க்காத எண்ணைப் பக்கத்துத் தெருவிலிருந்துகூடக் கைபேசியில் அழைக்க முடியாது. முதலில் பலகையைத் திருத்துங்கள்.

வெளியே அழைப்பதில் மற்றொரு பூஜ்யம் உண்டு. 2021 ஜனவரி 15 முதல், தரைவழித் தொலைபேசியிலிருந்து கைபேசி எண்ணை அழைக்கும்போது முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்பது நடைமுறை. பெரும்பாலான அலுவலக இன்டர்காம்களில் வெளி லைன் எடுப்பதற்கே முதலில் 0 அழுத்த வேண்டியிருக்கும் என்பதால், மேசையிலிருந்து ஒரு கைபேசியை அழைக்க இரண்டு பூஜ்யங்கள் தேவைப்படும்: முதலாவது வெளி லைனுக்கு, இரண்டாவது எக்ஸ்சேஞ்சுக்கு. புதிதாகப் பணிக்கு வருபவர் “செல்லுக்குப் போகவே மாட்டேங்குது” என்று சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இரண்டாவது பூஜ்யத்தை இன்டர்காமே சேர்த்துக்கொள்ளுமாறு, எந்த எண்ணை எப்படி அனுப்புவது என்ற விதிகளான டயல் பிளானில் எழுதிக்கொள்ளலாம். டெக்னீஷியனுக்கு அது சிறு வேலை.

மணி அடிப்பதற்கு முன்

பெரியவர் பச்சைப் பொத்தானைத் தொட்டதும் குரல் செல்லும் பாதை திறந்துவிடுவதில்லை. யார் அழைக்கிறார், யாரை அழைக்கிறார், அங்கே லைன் காலியாக இருக்கிறதா என்று இரு முனைகளும் முதலில் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. இதுவே சிக்னலிங். பழைய ஸ்ட்ரோஜர் வகை எக்ஸ்சேஞ்சுகளில், டயலைச் சுழற்றும்போது எழுந்த துடிப்புகளே சுவிட்சைப் படிப்படியாக நகர்த்தியதால், சிக்னலும் குரலும் ஒரே கம்பியில் சென்றன. பின்னாளில் வந்த எஸ்எஸ்7 என்ற முறை சிக்னலுக்குத் தனிப் பாதை வகுத்தது. இணையவழித் தொலைபேசியில் அந்த வேலையை எஸ்ஐபி என்னும் நெறிமுறை செய்கிறது. 2002இல் வெளியான ஆர்எஃப்சி 3261 என்ற ஆவணமே இன்றைய எஸ்ஐபிக்கு அடிப்படை. சிக்னல் ஒரு வழி, குரல் ஒரு வழி என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சில கோளாறுகள் அதைக்கொண்டே புரியும்.

அழைப்பவர் காதில் கேட்கும் மணி ஒலிக்கு ரிங்பேக் டோன் என்று பெயர். மருத்துவமனை மேசையில் அடிக்கும் மணி அன்று அது. வழியிலுள்ள எக்ஸ்சேஞ்ச் தானே உண்டாக்கி அனுப்பும் ஒலி. அதனால் “மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு” என்று வெளியிலிருப்பவர் சொல்வதும், “இங்க மணியே அடிக்கல” என்று வரவேற்பு மேசையில் இருப்பவர் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். இதற்காக ஊழியரைக் கடிந்துகொள்ளும் நிர்வாகிகள் உண்டு. அது நியாயமன்று, முதலில் லைனைச் சோதிக்க வேண்டும்.

பிஸி டோனிலும் இரண்டு வகை உண்டு. நிதானமாக விட்டுவிட்டு ஒலிப்பது, அழைத்த எண் பேச்சில் இருக்கிறது என்பதற்கு அடையாளம். அதைவிட வேகமாக ஒலிப்பது கன்ஜெஷன் டோன். வழியில் சேனல், அதாவது ஓர் உரையாடல் செல்வதற்கான பாதை, கிடைக்காமல் அழைப்பு இலக்கை எட்டவே இல்லை என்பது பொருள். காதால் பிரித்தறிய முடியாவிட்டால், இன்டர்காமோ நிறுவனமோ வைத்திருக்கும் பதிவில் காஸ் கோடு என்ற எண்ணைக் கேட்டு வாங்கலாம். 16 என்றால் பேசி முடித்து இயல்பாக வைத்தது. 17 என்றால் எண் பிஸி. 19 என்றால் மணி அடித்தும் எடுக்கவில்லை. 34 என்றால் சேனல் கிடைக்கவில்லை. 1 என்றால் அப்படியோர் எண் ஒதுக்கப்படவே இல்லை. எஸ்ஐபி இணைப்பில் இதே செய்திகள் மூன்றிலக்கத்தில் வரும்: 486 பிஸி, 480 தற்போது கிடைக்கவில்லை, 404 எண் இல்லை, 487 எடுக்கும் முன்பே அழைத்தவர் வைத்துவிட்டார், 503 சேவை கிடைக்கவில்லை. 17உம் 486உம் நிறைய வந்தால் உங்கள் லைன்கள் போதவில்லை. 34உம் 503உம் வந்தால் நிறுவனத்தைக் கேளுங்கள். 19 நிறைய வந்தால் மேசையில் ஆள் போதவில்லை, அல்லது அடுத்துச் சொல்லப்போகும் செத்த லைன் கோளாறு இருக்கிறது.

லைன், சேனல், ஹன்டிங்

சாதாரணச் செம்புக் கம்பி இணைப்பு என்பது ஒரு ஜோடிக் கம்பி. அதில் ஒரு நேரத்தில் ஓர் உரையாடல் மட்டுமே நடக்கும். எக்ஸ்சேஞ்சிலிருந்து −48 வோல்ட் மின்சாரம் அந்தக் கம்பியிலேயே வருவதால் வீட்டில் மின்வெட்டு வந்தாலும் தொலைபேசி வேலை செய்தது. இன்று பல இடங்களில் அந்தக் கம்பி ஃபைபராக மாறிவிட்டது. ஃபைபர் மின்சாரத்தைக் கொண்டுவராது. சுவரில் மாட்டிய சிறு பெட்டிக்கு நாம்தான் மின்சாரம் தர வேண்டும். மருத்துவமனை போன்ற இடத்தில் அந்தப் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் இன்டர்காமுக்கும் யுபிஎஸ் இணைப்பு கட்டாயம் தேவை. கணினிகளுக்கெல்லாம் யுபிஎஸ் கொடுத்துவிட்டு இந்தச் சிறு பெட்டியை மறந்துவிடுகிறார்கள்.

இன்டர்காமுக்குள் வரும் வெளி லைனை டெக்னீஷியன்கள் ஜங்ஷன் என்றோ டிரங்க் என்றோ சொல்வார்கள். பத்துப் பன்னிரண்டு லைனுக்கு மேல் தேவைப்படும் இடங்களில் பிஆர்ஐ எடுப்பது வழக்கம். ஒரே கம்பியில் நொடிக்கு 2.048 மெகாபிட் செல்லும் அந்த இணைப்பு 32 கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒன்று நேர ஒத்திசைவுக்கும் ஒன்று சிக்னலுக்கும் போக, மீதி 30இல் ஒரே சமயத்தில் 30 பேர் பேசலாம். எஸ்ஐபி டிரங்க் என்பது அதே வசதியை இணைய இணைப்பின் மேல் தருவது. இங்கே சேனல் எண்ணிக்கை ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட அளவு. எண் ஒன்றுதானே, ஒரு லைன்தானே என்று நினைக்க வேண்டாம்: எண் வேறு, சேனல் வேறு. 100 எண்களும் 10 சேனல்களும் இருக்கலாம். 1 எண்ணும் 30 சேனல்களும் இருக்கலாம். ஒவ்வொரு மேசைக்கும் வெளியிலிருந்து நேரே எட்டக்கூடிய தனி எண் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு டிஐடி என்று பெயர்.

பல லைன்களை ஒரே எண்ணின் பின்னால் கட்டுவது ஹன்டிங். பலகையில் அச்சிட்டிருப்பது பைலட் எண். அது பேச்சில் இருந்தால் எக்ஸ்சேஞ்ச் அடுத்த லைனைத் தேடிக் கொடுக்கும். இந்த ஏற்பாட்டில் மறைந்திருக்கும் ஒரு கோளாறு மிகப் பலரைப் படுத்துகிறது. இன்டர்காமில் முதல் லைன் செருகிய போர்ட் பழுதாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்சேஞ்சின் கணக்கில் அந்த லைன் காலி. பிஸி ஆகாததால் அடுத்த லைனுக்குத் தாவ வேண்டிய காரணமே அதற்கு இல்லை. வரும் அழைப்புகளையெல்லாம் அந்தச் செத்த லைனிலேயே கொண்டுபோய்க் கொட்டும். வெளியே மணி அடிக்கும், உள்ளே நிசப்தம். இதைக் கண்டுபிடிக்க, கூட்டமில்லாத நேரத்தில் ஒரு சாதாரணத் தொலைபேசியை எடுத்துச் சென்று, ஜங்ஷன் லைன்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அதில் நேரே செருகி, கைபேசியிலிருந்து பைலட் எண்ணை அழையுங்கள். முதல் லைனில் மணி அடித்தால் எடுத்துப் பேச்சில் வைத்துக்கொண்டு, இன்னொரு கைபேசியிலிருந்து மறுபடி அழையுங்கள். இரண்டாம் லைனில் அடிக்க வேண்டும். இப்படியே கடைசி லைன் வரை. நேரே செருகினால் அடிக்கிறது, இன்டர்காம் வழியே அடிக்கவில்லை என்றால் பழுது உங்களிடம். நேரே செருகியும் அடிக்கவில்லை என்றால் நிறுவனத்திடம்.

எத்தனை லைன் வேண்டும் என்பதை விற்பனையாளர் சொல்லும் எண்ணிக்கையை நம்பி முடிவுசெய்ய வேண்டியதில்லை. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய டேனிஷ் கணித அறிஞர் ஏ.கே. எர்லாங் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதற்குச் சூத்திரம் கண்டார்; போக்குவரத்தின் அளவை இன்றும் அவர் பெயராலேயே அளக்கிறோம். ஒரு லைன் ஒரு மணி நேரம் முழுதும் பேச்சில் இருந்தால் அது 1 எர்லாங். காலை 9 முதல் 10 வரை 100 அழைப்புகள் வருகின்றன, ஒவ்வொன்றும் சராசரி 3 நிமிடம் என்றால், மொத்தம் 300 நிமிடம். 60ஆல் வகுத்தால் 5 எர்லாங். சராசரியாக 5 லைன்தானே பேச்சில் இருக்கும், 5 லைன் போதுமே என்று தோன்றும். போதாது. அழைப்புகள் வரிசையில் நின்று வருவதில்லை, கொத்துக் கொத்தாக வருகின்றன. சூத்திரத்தின்படி 5 லைன் வைத்தால் 100 பேரில் 28 பேருக்கு பிஸி டோன் கேட்கும். 8 லைன் வைத்தால் 7 பேருக்கு. 10 லைன் வைத்தால் 2 பேருக்கும் குறைவு. 11 வைத்தால் ஒருவருக்கும் குறைவு. பிஸி கேட்டவர் பேசாமல் போய்விடுவார் என்பது இந்தச் சூத்திரத்தின் கற்பிதம். ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும் பெரியவர் அப்படிப் போகமாட்டார், திரும்பத் திரும்ப அழுத்துவார். ஆகவே விடையோடு ஒன்றிரண்டு லைனைக் கூட்டிக்கொள்வதே நல்லது. அந்த 100 என்ற கணக்கும் பிஸி கேட்டவர்களைச் சேர்த்ததாக இருக்க வேண்டும். அனலாக் லைன்களில், அதாவது சாதாரணச் செம்புக் கம்பி லைன்களில், அவர்கள் உங்கள் இன்டர்காமை எட்டாமலே திரும்பியவர்கள் என்பதால், அந்த எண்ணிக்கையை நிறுவனத்திடம்தான் கேட்டுப் பெற வேண்டும்.

இன்டர்காம் பெட்டிக்குள்

அலுவலகங்களில் இன்டர்காம் என்று அழைக்கப்படும் பெட்டியின் முறையான பெயர் இபிஏபிஎக்ஸ். உள்ளே இருக்கும் ஒவ்வொரு தொலைபேசியும் ஓர் எக்ஸ்டென்ஷன். எந்த எக்ஸ்டென்ஷனிலிருந்து வெளியே அழைக்கலாம், எதிலிருந்து உள்ளூர் மட்டும், எதிலிருந்து ஐஎஸ்டி வரை என்று வகுப்பது கிளாஸ் ஆஃப் சர்வீஸ். ஐஎஸ்டி தேவையில்லாத அலுவலகம் அதை இன்டர்காமிலும் நிறுவனத்திடமும் அடைத்துவைப்பது அவசியம். வெளியிலிருந்து அழைத்து, கடவுச்சொல் கொடுத்து, நம் லைன் வழியாகவே மறுபடி வெளியே அழைக்க உதவும் டிஸா என்னும் வசதி திறந்து கிடந்தால், மோசடிக்காரர்கள் இரவோடு இரவாக வெளிநாட்டு எண்களுக்கு அழைத்துத் தள்ளிவிடுவார்கள். பில் உங்கள் பெயரில் வரும்.

அழைப்பை மாற்றிக்கொடுப்பதில் இரண்டு முறைகள் உள்ளன. நோயாளியோ வாடிக்கையாளரோ படும் பாட்டில் பெரும்பகுதி இந்த இரண்டின் வேறுபாட்டில்தான் இருக்கிறது. பிளைண்ட் டிரான்ஸ்ஃபரில், டிரான்ஸ்ஃபர் பொத்தானை அழுத்தி, எக்ஸ்டென்ஷன் எண்ணை அழுத்தி, ரிசீவரை வைத்துவிடலாம். மறுமுனையில் யாராவது இருக்கிறார்களா என்பது தெரியாது. அட்டென்டட் டிரான்ஸ்ஃபர் இப்படி நடக்கும். வரவேற்பாளர் பெரியவரிடம், “ஐயா, கொஞ்சம் லைன்ல இருங்க, லேப்ல கேட்டுச் சொல்றேன்” என்கிறார். டிரான்ஸ்ஃபர் அழுத்தியதும் பெரியவருக்கு இசை கேட்கத் தொடங்குகிறது. அவர் இப்போது ஹோல்டில் இருக்கிறார். 203 அழுத்துகிறார். லேப்பில் எடுக்கிறார்கள். “அக்கா, ஈரோட்டுல இருந்து பேசுறாங்க, நேத்து ரத்தம் கொடுத்தவர், ரிப்போர்ட் கேக்குறாரு, கொடுக்கட்டுமா?” “கொடும்மா.” ரிசீவரை வைத்ததும் இருவரும் இணைகிறார்கள். பெரியவர் தம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. லேப்பில் யாரும் எடுக்கவில்லை என்றால், வரவேற்பாளர் மறுபடி அவரிடமே வந்து, “சாயந்திரம் நாலு மணிக்குக் கூப்பிடுங்கய்யா” என்று சொல்ல முடிகிறது. கூடுதலாகச் செலவாவது சில நொடிகளே. பிளைண்ட் டிரான்ஸ்ஃபரை, எப்போதும் ஆள் இருக்கும் மேசைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதிலும், குறித்த நேரத்துக்குள் யாரும் எடுக்காவிட்டால் அழைப்பு வரவேற்புக்கே திரும்பும்படி ரீகால் அமைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த மேசையில் அடிக்கும் மணியை எழுந்து போகாமலே தன் தொலைபேசியில் எடுப்பது பிக்கப். அழைப்பைப் பொதுவான ஓரிடத்தில் நிறுத்திவைத்து எந்த எக்ஸ்டென்ஷனிலிருந்தும் எடுத்துக்கொள்வது பார்க். மாலை ஆறு மணிக்கு மேல் எல்லா அழைப்புகளையும் காவலர் அறைக்கோ அவசரப் பிரிவுக்கோ அனுப்புவது நைட் மோடு. இதைக் கையால் மாற்றும்படி விட்டுவிட்டால் ஒருநாள் மறந்துவிடும், நேரத்துக்குத் தானாக மாறும்படி வைப்பதே பாதுகாப்பு.

எண்ணை அழுத்தச் சொல்லும் குரல்

“தமிழுக்கு 1ஐ அழுத்தவும்” என்று பேசும் ஏற்பாட்டுக்கு ஐவிஆர் என்று பெயர். பெரியவர் ஒரு பொத்தானை அழுத்தும்போது அனுப்பப்படுவது டிடிஎம்எஃப் என்ற இரட்டை ஒலி: விசைப்பலகையின் ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அதிர்வெண், ஒவ்வொரு நிரலுக்கும் ஓர் அதிர்வெண். 5 என்றால் 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலிக்கும். “அழுத்துனாலும் எடுக்க மாட்டேங்குது” என்ற புகார் எஸ்ஐபி டிரங்குக்கு மாறிய பிறகு தொடங்கியிருந்தால், குரலைச் சுருக்கி அனுப்பும் ஜி.729 போன்ற கோடெக் அந்த இரட்டை ஒலியைச் சிதைத்திருக்கக் கூடும். பொத்தான் செய்தியைக் குரலோடு கலக்காமல் தனியாக அனுப்பும் ஆர்எஃப்சி 2833 முறை இரு முனைகளிலும் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஐவிஆர் எழுதும்போது செயலை முதலிலும் எண்ணைப் பின்னும் சொல்ல வேண்டும். “2ஐ அழுத்தினால் ரிப்போர்ட்” என்றால், ரிப்போர்ட் என்ற சொல்லைக் கேட்கும்போது எண் மறந்துபோயிருக்கும். “ரிப்போர்ட் பற்றிக் கேட்க 2ஐ அழுத்தவும்” என்பதே சரி. முதல் நிலையில் நான்குக்கு மேல் வேண்டாம். எதையும் அழுத்தாமல் இருப்பவரைத் துண்டிக்கும்படி ஒருபோதும் அமைக்கக் கூடாது. பழைய பட்டன் போனில் எழுத்து தெரியாமல் விழிக்கும் முதியவரும், கையில் குழந்தையோடு பேசும் தாயும்தான் அழுத்தாமல் இருப்பவர்கள். சில நொடிகள் பொறுத்து அவர்களை வரவேற்பு மேசைக்கு அனுப்பும்படி டைம்அவுட் அமைப்பது மருத்துவமனையின் கடமை என்றே கருதுகிறேன்.

பல ஊழியர்கள் அழைப்பு எடுக்கும் இடத்தில், காலியாக இருப்பவருக்குப் பார்த்துப் பகிர்ந்து கொடுப்பது ஏசிடி. எல்லாரும் பேச்சில் இருந்தால் வந்தவர் காத்திருப்பது க்யூ. காத்திருந்து சலித்து வைத்துவிட்ட அழைப்பு அபாண்டன்ட் கால். ஒரு நாளின் முடிவில் பார்க்க வேண்டிய எண் அதுதான், எத்தனை எடுத்தோம் என்பதன்று. க்யூவில் காத்திருப்பவரும் ஒரு சேனலைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார் என்பதால், ஐவிஆரும் க்யூவும் வைத்த பிறகு மேலே சொன்ன எர்லாங் கணக்கை மறுபடி போட வேண்டும்: 3 நிமிடப் பேச்சோடு 2 நிமிடக் காத்திருப்பும் சேர்ந்தால் அது 5 நிமிட அழைப்பு.

கைபேசிக்குத் திருப்பிவிடுதல்

இரவில் அழைப்புகளை ஒருவரின் கைபேசிக்கு அனுப்புவது கால் ஃபார்வர்டிங். எல்லா அழைப்பையும் அனுப்புவது நிபந்தனையற்றது. பிஸியாக இருந்தால், எடுக்காவிட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தால் மட்டும் அனுப்புவது நிபந்தனைக்கு உட்பட்டது. ஜிஎஸ்எம் கைபேசிகளில் இவற்றுக்குரிய எண்கள் முறையே 21, 67, 61, 62. தற்போதைய நிலையைப் பார்க்க *#21# அழுத்தலாம்; எல்லாவற்றையும் ஒரேயடியாக நீக்க ##002#.

முன்பின் தெரியாதவர் ஒருவர், கூரியர் வந்திருக்கிறது என்றோ சிம் அடைபடப்போகிறது என்றோ சொல்லி, *21* அல்லது *401* எனத் தொடங்கும் ஒன்றை அழுத்தச் சொன்னால் அழுத்தவே கூடாது. அதன் பின்னால் அவர்தம் எண் இருக்கும். அழுத்தியதும் உங்களுக்கு வரும் அழைப்புகளெல்லாம், வங்கியோ வாட்ஸ்அப்போ குரல்வழி சொல்லும் ஓடிபி உட்பட, அவருக்குப் போகும். இந்த மோசடி பெருகியதால்தான், யுஎஸ்எஸ்டி வழியே, அதாவது இப்படி * # குறிகளோடு எண்ணை அழுத்தி, அழைப்பைத் திருப்பிவிடும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கத் தொலைத்தொடர்புத் துறை ஆணையிட்டது. திருப்பிவிட வேண்டியிருந்தால் கைபேசியின் அமைப்புப் பகுதியிலோ நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை வழியாகவோ செய்துகொள்ளுங்கள். மருத்துவமனை லைன் டாக்டரின் கைபேசிக்கும், டாக்டரின் கைபேசி பிஸியானால் மருத்துவமனைக்கும் திருப்பப்பட்டிருந்தால், அழைப்பு இரண்டுக்கும் நடுவே சுற்றி அறுந்துவிடும். திருப்பும் முன் எதிர்முனையின் அமைப்பையும் பார்த்துவிடுங்கள்.

எடுத்த பிறகு குரல்

இரு தரப்பும் எடுத்துவிட்டார்கள், ஒருவருக்குக் கேட்கிறது, மற்றவருக்குக் கேட்கவில்லை என்றால் அது ஒன்வே ஆடியோ. சிக்னல் சென்று சேர்ந்துவிட்டது, குரலைச் சிறு துண்டுகளாக்கி இணையத்தில் அனுப்பும் பாக்கெட்டுகள் ஒரு திசையில் அடைபட்டுவிட்டன என்று பொருள். பெரும்பாலும் குற்றவாளி ரவுட்டரே. அதில், வழியில் செல்லும் எஸ்ஐபி செய்திகளை மாற்றியெழுதும் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற அமைப்பு இயக்கத்தில் இருந்தால் அணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குரல் ரோபோ போல உடைந்து கேட்பது ஜிட்டர் (பாக்கெட்டுகள் சீரற்ற இடைவெளியில் வந்துசேர்வது) அல்லது பாக்கெட் இழப்பால் நேர்வது. இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி ஒரே நேரத்தில் நிறுத்துவது தாமதத்தால்; ஒரு திசைத் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. சுருக்கப்படாத ஜி.711 கோடெக்கில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 90 கிலோபிட் தேவை. பத்து அழைப்புக்கு ஒரு மெகாபிட்கூட ஆகாதே என்று தோன்றினாலும், ஸ்கேன் படங்களை மேலேற்றும் கணினியும் அதே இணைப்பில் இருந்தால் குரல்தான் முதலில் அடிபடும். ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுப்பது க்யூஓஎஸ்.

எண் வரிசைகள்

1800 எனத் தொடங்கும் எண்ணுக்கு அழைப்பவரிடம் கட்டணம் இல்லை, அழைக்கப்படும் நிறுவனம் கட்டணம் செலுத்தும். 1860 பார்ப்பதற்கு அதைப் போலிருந்தாலும் அழைப்பவருக்குக் கட்டணம் உண்டு. விளம்பர அழைப்புக்கு 140 வரிசையும், வங்கி போன்றவை தம் வாடிக்கையாளரிடம் சேவைக்காகப் பேச 1600 வரிசையும் ஒதுக்கப்பட்டுள்ளன. விளம்பர அழைப்புகள் வேண்டாம் எனப் பதிவதும், மீறினால் புகார் செய்வதும் 1909இல். நிறுவனம் மாறினாலும் எண்ணைத் தக்கவைத்துக்கொள்ளும் போர்ட்டிங், 2015 ஜூலை முதல் நாடு முழுதும் செல்லுபடியாவது, கைபேசி எண்களுக்கு மட்டும் உரியது. தரைவழி எண்ணைப் பலகையில் எழுதும் முன் இதை யோசிக்க வேண்டும்.

புகாரை எழுதும் முறை

எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, எந்த நாளில், எந்த நிமிடத்தில், அழைத்தவருக்கு என்ன கேட்டது என்ற நான்கும் இல்லாத புகாரை வைத்துக்கொண்டு எந்தப் பொறியாளரும் எதையும் தேட முடியாது. ஒவ்வோர் அழைப்பும் சிடிஆர் என்ற பதிவில் ஒரு வரியாக விழுந்திருக்கும். அந்த வரியைக் கண்டுபிடிக்க உதவுவது நிமிடம்தான். “எங்கள் லைன் சரியில்லை” என்பதற்குப் பதிலாக இப்படி எழுதுங்கள்: “எங்கள் பைலட் எண் ஹன்டிங்கில் 4 லைன்களோடு உள்ளது. திங்கள் காலை 9.12க்கும் 9.15க்கும் கைபேசியிலிருந்து அழைத்தபோது இருமுறையும் ரிங்பேக் டோன் கேட்டது, எங்கள் முனையில் மணி அடிக்கவில்லை. முதல் லைனை இன்டர்காமிலிருந்து கழற்றிச் சாதாரணத் தொலைபேசியில் செருகியும் மணி அடிக்கவில்லை, டயல் டோன் மட்டும் வருகிறது. அந்த லைனைச் சரிசெய்யும் வரை ஹன்டிங்கிலிருந்து நீக்கிவையுங்கள்.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பழுது நீங்க நாளானாலும், நீக்கிவைத்த நொடியிலிருந்து மீதி மூன்று லைன்களில் அழைப்பு வரத் தொடங்கிவிடும். புகாருக்குத் தரப்படும் டாக்கெட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். குறித்த காலத்துக்குள் சரிசெய்யப்படாவிட்டாலோ, சரிசெய்யாமலே முடித்துவைக்கப்பட்டாலோ, அந்த எண்ணைக் குறிப்பிட்டு அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாள்களுக்குள் எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை.